பையன்கள் ஏன் பட்டாளத்துக்குப் போகிறார்கள்? வெலிங்டன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

குன்னூர்_வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

குன்னூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் வரும்போது காரணங்களைப் பலகையில் எழுதிப் போடுவோம்: ஏகாதிபத்தியப் போட்டி, ராணுவக் கூட்டணிகள், சரயேவோ கொலை. அதெல்லாம் அரசுகள் சண்டைக்குப் போன காரணம். ஒரு மில் தொழிலாளியும் ஒரு சம்சாரியும் ஏன் போனார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. இந்த வருடம் ஒரு மாணவி அதைத்தான் கேட்டாள்: "ராஜாக்களுக்குள்ள சண்டைன்னா இவங்க ஏன் சார் போனாங்க?"

நாங்கள் இருப்பது வெலிங்டன் பக்கம். மதராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ், அருவங்காடு கார்டைட் பாக்டரி என்று ராணுவத்தைப் பார்க்காத நாளே கிடையாது. பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா கடைசிவரை இருந்தது குன்னூரில். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்ததும் நம் நஞ்சப்பசத்திரத்தில்தான். இவ்வளவு இருந்தும், போகிற பையனை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தேசப்பற்று என்போம், இல்லையென்றால் வறுமை என்போம், அத்தோடு விட்டுவிடுவோம். பற்றுள்ளவர்கள் எல்லாரும் போகவில்லை, ஏழைகள் எல்லாரும் போகவில்லை. அப்படியென்றால் போகிறவனை எது தள்ளுகிறது? பட்டாளத்தில் இருந்தவர்களும், வீட்டிலிருந்து ஆள் அனுப்பியவர்களும், போக நினைப்பவர்களும் மனம்விட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

பழைய_ஏடு

வாத்தியார் சார், உங்கள் மாணவி கேட்டதற்குப் பதில் தேட 1914-ன் பிரிட்டன் நல்ல இடம். ஏனென்றால் அங்கே கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்ததே 1916 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் ஏறக்குறைய 25 லட்சம் பேர் தாமாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். போர் அமைச்சர் கிட்சனர் காலத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே கால்பந்துக் குழுவிலிருந்து சேர்ந்து வந்தால் பிரிக்க மாட்டோம், ஒரே பட்டாலியனில் வைப்போம் என்றார்கள். தனியாகப் போகத் தயங்கியவன் கூட்டாளிகளோடு போனான். மறுபக்கம், சீருடை போடாத இளைஞனின் கையில், கோழை என்று குத்திக்காட்ட, பெண்கள் வெள்ளை இறகைத் திணிக்கும் வழக்கத்தை ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் 1914 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார். தெருவில் நாலு பேர் முன்னால் இறகு வாங்கியவன் எத்தனை நாள் தாங்குவான்?

அக்ரிங்டன் என்ற பருத்தி ஆலை ஊரின் பட்டாலியன் 1916 ஜூலை 1 அன்று சொம் போரில் இறங்கியது. போன சுமார் 700 பேரில் 235 பேர் செத்தார்கள், 350 பேர் காயம்பட்டார்கள், அரை மணி நேரத்துக்குள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே விழுந்ததால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே வாரத்தில் துக்கம் விழுந்தது.

நம் பக்கக் கணக்கு வேறு. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து சிப்பாய்களும் படையின் கூலித் தொழிலாளர்களுமாகச் சுமார் 13 லட்சம் பேர் கடல் தாண்டினார்கள். 74,000 பேர் திரும்பவில்லை. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். ஜெர்மன் கைசர் யார், பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று இவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சுபேதார்_ஓய்வு

வாத்தியார் ஐயா மனம்விட்டு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். 1984-ல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவன் நான். என் அப்பா எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். செலக்‌ஷன் மைதானத்தில் எங்களைக் கேட்டார்கள், ஏன் சேர வந்தாய் என்று. வரிசையில் எல்லாரும் ஒரே பதில்: "நாட்டுக்குச் சேவை செய்ய, சார்." பொய் இல்லை. ஆனால் அதை நாங்கள் வெளியே நிற்கும்போதே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் மனப்பாடம் செய்துகொண்டோம்.

என்னைத் தள்ளியது எது என்று கேட்டால், எஸ்டேட் ஆபீஸ்தான். சம்பள நாளில் அப்பா அந்த ஜன்னலுக்கு வெளியே தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தாலும் அப்படியேதான். கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிடும்வரை நகர முடியாது. அதே எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த ஒரு அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது, பச்சை ட்ரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வழியாக நடந்தார். ரைட்டர் வெளியே வந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார நாற்காலி போட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். அந்த நாற்காலியைப் பார்த்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

சண்டை எங்கே வந்தது இதில்? வரவே இல்லை. எங்கள் பேட்ச் பையன்கள் யாரும் சண்டையைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. சாப்பாடு, சம்பளம், மணியார்டர், தங்கச்சி கல்யாணம், பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷன். இவ்வளவுதான் பேச்சு. ஸ்ரீநாகேஷ் பாரக்கில் கசம் பரேடு நடக்கும் நாளில்தான், கொடிக்கு முன்னால் வேத நூலை வைத்துச் சத்தியம் செய்யும்போது, "உயிரைக் கொடுத்தாவது" என்று வாயால் சொல்கிறோம். அப்போது உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. ஆனால் அதற்குள் தொப்பியில் யானைச் சின்னம் ஏறிவிட்டது, அம்மா அப்பா சென்டருக்கே வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் பின்வாங்குவார்கள்?

அருவங்காடு_பையன்

எங்கள் தாத்தா, அப்பா இரண்டு பேரும் கார்டைட் பாக்டரி. நூற்றுக்கு மேல் வருடமாக இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து துப்பாக்கி மருந்து போய்க்கொண்டிருக்கிறது. பட்டாளத்துக்குப் போனவனை மட்டும் ஏன் போனாய் என்று கேட்கிறோம். மருந்து செய்தவர்களை யாரும் கேட்பதில்லை. தாத்தாவிடம் கேட்டிருந்தால் "அரசாங்க வேலைப்பா" என்றுதான் சொல்லியிருப்பார். சுபேதார் ஐயா சொல்வதும் கிட்டத்தட்ட அதே பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுத்து_நிற்பவன்

இந்தப் பேச்சு போகிற திசை எனக்குக் கவலை தருகிறது. "சாப்பாட்டுக்குப் போனான், மரியாதைக்குப் போனான்" என்று சொல்லிச் சொல்லி, போனபின் அவன் செய்வதற்கெல்லாம் பொறுப்பே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். சாதாரண மனிதர்களைப் பற்றித்தானே பேசுகிறோம், ஒரு உதாரணம் சொல்கிறேன்.

1942 ஜூலை 13. போலந்தில் யூசெஃபூவ் என்ற சிற்றூர். நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101. ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஆட்கள். பலர் நடுத்தர வயதுக்காரர்கள், துறைமுகத்திலும் லாரியிலும் கடைகளிலும் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகுட்டி உள்ளவர்கள். ஊரில் உள்ள யூதர்களைச் சுட வேண்டும் என்று உத்தரவு. தளபதி டிராப் கண்கலங்கியபடியே, முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் முன்னால் வந்து விலகிக்கொள்ளலாம் என்றார். தண்டனை எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்தவர்கள் பன்னிரண்டு பேர் போல. அன்று சாயங்காலத்துக்குள் சுமார் 1,500 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வாசல் திறந்திருந்தது. போகவில்லை. இதையும் "பாவம், கூட்டாளிகளுக்காக நின்றான்" என்று சொல்லி முடிப்பீர்களா?

பழைய_ஏடு

முடிக்க மாட்டேன். ஆனால் அந்த ஆட்களைப் பின்னாளில் விசாரித்தபோது கிடைத்த காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விலகினால் தலை போகும் என்பது அங்கே காரணமாக இல்லை. தான் விலகினால் தன் பங்கு அசிங்க வேலையைப் பக்கத்தில் நிற்கிறவன் சேர்த்துச் செய்ய வேண்டும், கோழை என்று பெயர் வரும். அதுதான் பெரிதாக நின்றது. நல்ல நேரத்தில் ஒருவனைக் காப்பாற்றும் அதே கூட்டுணர்வு அங்கே கொலைக்குக் கைகொடுத்தது. சேருவதற்கு ஒரு காரணம், உள்ளே நிற்பதற்கு வேறு காரணம் என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கே பதில் தேட முடியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஜெர்மன் போர்க்கைதிகளை வைத்து ஆராய்ந்து 1948-ல் எழுதினார்கள். நாஜிக் கொள்கையைவிட, தன்னோடு சாப்பிட்டுத் தூங்கிய சின்னக் குழுதான் அவர்களைக் கடைசிவரை சண்டையில் நிறுத்தியது என்பது அவர்கள் முடிவு. பின்னால் வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ் இதை மறுத்தார். கிழக்குப் போர்முனையில் அந்தக் குழுக்கள் சில வாரங்களிலேயே செத்து அழிந்தன, குழுவே மிச்சமில்லாத இடத்தில் எது நிறுத்தியது, அங்கே கொள்கை விஷமும் கடுமையான தண்டனையும்தானே வேலை செய்தன என்று கேட்டார். எனக்குப் பார்டோவ் சொல்வதில் நியாயம் அதிகம் தெரிகிறது.

அப்புறம் நம் ஊர் விஷயம் ஒன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரிட்டிஷ் ஜெனரல் ராபர்ட்ஸ். ஊட்டி அவருக்குப் பழகிய ஊர். தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான், வடமேற்கில்தான் போர்க்குணமுள்ள இனங்கள் இருக்கின்றன என்ற எண்ணத்தோடு போனார். பிறகு மொத்த இந்தியப் படைக்கும் தலைவரானார். அந்தக் கொள்கையில் தமிழ், தெலுங்குப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1758-ல் தொடங்கிய வரலாறு உள்ள காலாட்படை 1930-களில் வழக்கமான படையில் இல்லாமலே போனது. இரண்டாம் உலகப் போர் வந்தது, ஆள் போதவில்லை, 1940-களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். கட்டாயம் எதுவும் இல்லாமல் இந்தியப் படை 25 லட்சத்தைத் தொட்டது. சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் லட்சக்கணக்கில் போனார்கள்.

அறுபது வருடத்தில் தமிழன் ரத்தமா மாறியது? அரசு கதவைச் சாத்தியபோது "வீரமில்லை" என்றார்கள், திறந்தபோது "வீர மதராசி" என்றார்கள். போகிறவன் மனசுக்குள் மட்டும் காரணத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். யாருக்காக, எப்போது, எந்த வாசல் திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பவன் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

டேன்டீ_லைன்_அக்கா

நான் படித்தவள் இல்லை, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அரசு 1968-ல் இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. நான் பிறந்தது இந்த லைனில். அண்ணன் பிறந்தது அங்கே, நுவரெலியா பக்கம்.

பள்ளிக்கூடத்தில் அண்ணனை "சிலோன்காரன்" என்றுதான் கூப்பிடுவார்கள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எதற்குப் போனாலும் "நீங்க எந்த ஊரு, பேப்பர் எங்க" என்ற கேள்வி. அப்பா கப்பலில் வரும்போது கொண்டுவந்த காகிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார், ஒவ்வொரு ஆபீஸுக்கும் அந்த டின்னோடுதான் போவார். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து அடையாள அட்டையோடு முதல் லீவில் வந்தபோது அதை அப்பா கையில் கொடுத்து, "இனிமே அந்த டின்ன எடுக்க வேண்டாம்" என்றார். அண்ணன் ஏன் போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

வெள்ளை இறகு பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பெண்கள் பக்கத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அண்ணன் போனபின் லைனில் அம்மாவுக்கு மதிப்பு கூடியது, எனக்கு மாப்பிள்ளை வந்தது, அந்த மதிப்பில் நானும் வாழ்ந்தேன். ஆனால் கார்கில் சண்டை நடந்த 1999-ல் அந்த இரண்டு மாசமும் அம்மா இலை பறிக்கப் போகும்போது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். தபால்காரர் சைக்கிளில் வந்தாலும் அப்படித்தான். அண்ணன் அப்போது சண்டை நடந்த பக்கமே இல்லை, ராஜஸ்தானில் இருந்தார். அது அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

ஓடுகிற_தம்பி

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம். அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். போக நினைப்பவர்கள் எழுதுங்கள் என்று சார் சொன்னதால் எழுதுகிறேன்.

1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மார்க். பீமில் பத்து புல்-அப் எடுத்தால் 40. அப்புறம் 9 அடி பள்ளம் தாண்டணும், ஜிக்ஜாக் கட்டை மேல நடக்கணும். எங்களுக்கு பீம் இல்லை, கால்பந்து கோல் கம்பத்தில் டியூப் சுற்றித் தொங்குவோம். காலை ஐந்தரை மணிக்குப் பனியில் கம்பி கையை அறுக்கும். மலை மேலே ஓடிப் பழகியவர்களுக்குக் கோயம்புத்தூர் மைதானத்தில் மூச்சு வாங்குவதே இல்லை, அது எங்களுக்கு ஒரு வசதி.

அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலை. இலை விலை ஏறும், இறங்கும், பாக்டரியில் பணம் தவணையாகத்தான் வரும். அக்னிவீரில் முதல் வருடம் மாதம் 30,000, நாலாவது வருடம் 40,000, அதில் 30 சதவீதம் பிடித்து வைப்பார்கள். முடிக்கும்போது சுமார் 11.71 லட்சம் கையில். நான் கணக்குப் போட்டுத்தான் போகிறேன். ஆனால் பணம் மட்டும் என்றால் திருப்பூர் போயிருப்பேன், என் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே போனவனை ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. சுபேதார் ஐயா சொன்ன நாற்காலி எனக்கும் வேண்டும். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மறுத்து_நிற்பவன்

தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைக் கேட்பது ஒன்றுதான். நாலு வருடத்தில் நூற்றுக்கு 75 பேரை வெளியே அனுப்புகிறார்கள், பென்ஷன் கிடையாது. 21, 22 வயதில் வந்து நிற்கும்போது அந்த நாற்காலி இருக்குமா? ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று ஏஜென்டை நம்பிப் போய், உக்ரைன் போர்முனையில் இறக்கிவிடப்பட்ட இந்தியப் பையன்கள் கதை 2024-ல் வந்ததே. அது மோசடி, இது முறையான சேவை, இரண்டும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் பையனைக் கிளப்பியது ஊரில் வேலையும் மதிப்பும் இல்லாததுதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த கேட்டுக்குள் போனவனுக்கும் இதே நாற்காலி கிடைத்தது. அதை மூடிவிட்டோம். துப்பாக்கி தூக்கினால்தான் ஒரு ஏழை வீட்டுப் பையனுக்கு மரியாதை என்று ஆக்கி வைத்திருப்பது நாம் எல்லாரும் சேர்ந்து செய்த அநியாயம். என் கோபம் அதன் மேல்.

சுபேதார்_ஓய்வு

மறுத்து நிற்கும் தம்பி சொல்வதில் கடைசி வரிகளை நான் அப்படியே ஏற்கிறேன். முதலில் கேட்ட கேள்விக்கு, உள்ளே நின்றவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தை இதுவரை எழுத்தில் தொட்டதில்லை.

1987-ல் எங்களை இலங்கைக்கு அமைதிப்படையாக அனுப்பினார்கள். வரவேற்பு கொடுத்த ஊரே அக்டோபரில் சண்டைக்களமாக மாறியது. 1990 மார்ச்சில் முழுவதும் திரும்பும்போது நம் பக்கம் ஏறக்குறைய 1,200 பேர் போயிருந்தார்கள். அந்த மக்களின் சாவு அதைவிட அதிகம். ஒரு வீட்டைச் சோதனை போட உள்ளே போனோம். என்னோடு வந்த மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. வயசான அம்மா ஒருத்தர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழன் என்று தெரிந்துவிட்டது போல. "என்னத்துக்கு ராசா இஞ்ச வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

செலக்‌ஷன் மைதானத்தில் கேட்ட அதே கேள்வி. அங்கே பட்டென்று பதில் சொன்னவனுக்கு இங்கே வாய் வரவில்லை. எங்க அப்பா தலைத்துண்டை எடுத்துக்கொண்டு நின்றார், அதனால் வந்தேன் அம்மா என்று அவரிடம் சொல்ல முடியுமா? நான் சேர்ந்த காரணத்துக்கும் அந்த வீட்டுக்குள் நான் நின்றதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நான் சேராமல் இருந்திருந்தால் அங்கே நின்றிருக்க மாட்டேன். அலமாரியைத் திறக்காமல், யாரும் இல்லை என்று சொல்லிக் கூட வந்தவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வெளியே என் செக்‌ஷன் பையன் குண்டடிபட்டிருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்றால், நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. அன்று காலை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் மறுத்து நிற்கும் தம்பி கேட்ட பொறுப்பு எனக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி அதை அரசாங்கத்தின் தலையில் முழுசாக இறக்கி வைக்கவும் மாட்டேன்.

டேன்டீ_லைன்_அக்கா

ஐயா, எங்கள் அண்ணன் சேரும்போது அப்பாவுக்கு இருந்த பயமே இதுதான். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் அங்கேதான். நீங்கள் எழுதியதை என் மகனை விட்டு வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். எழுதியதற்கு நன்றி ஐயா.

குன்னூர்_வாத்தியார்

சுபேதார் ஐயா, உங்கள் அனுமதி இருந்தால் யாழ்ப்பாணத்துப் பதிவையும் அக்காவின் பிஸ்கட் டின் பதிவையும் வகுப்பில் வாசிக்க விரும்புகிறேன். அக்ரிங்டன் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் இவற்றை வைத்தால் அந்த மாணவி தானே யோசித்துக்கொள்வாள். ஓடுகிற தம்பி, ஐயாவிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் இங்கேயே கேளுங்கள்.

ஓடுகிற_தம்பி

ஐயா, இதையெல்லாம் படித்த பிறகும் நான் தேர்வுக்குப் போகத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போவதற்கு முன்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

சுபேதார்_ஓய்வு

கோபம் எதற்குப்பா, நானும் போனவன்தானே. வகுப்பில் வாசிக்கலாம் வாத்தியார் ஐயா, என் ஊர்ப் பேர் மட்டும் வேண்டாம்.

தம்பி, ஓட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள், தார் ரோட்டில் ஓடாதே. செலக்ட் ஆனால் காகிதங்களில் நாமினி பேர் எழுத வேண்டிய இடம் வரும். 48 லட்சம் இன்ஷூரன்ஸ் என்று இருக்கும். நாங்கள் அந்தக் காலத்தில் அந்தக் கட்டத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம், வீட்டிலும் சொல்லவில்லை. நீ அப்படிச் செய்யாதே. கிளம்புவதற்கு முன்னாலேயே அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பணம் எப்போது வரும், யாருக்கு வரும் என்று உன் வாயாலேயே விளக்கிச் சொல். அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதிலும் சொல்லிவிட்டு, அப்புறமும் போகத் தோன்றினால் போ. நாலு வருடம் முடிந்து வந்தால் என்ன செய்வாய் என்பதையும் அன்றைக்கே பேசிவிடு.

ஓடுகிற_தம்பி

சரிங்க ஐயா. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள். அன்றைக்குப் பேசுகிறேன்.